செடி அனுப்பும் நுண்பைகள்: வாடல் நோய் ஆராய்ச்சியில் புதிய செய்தி

பருத்தி பயிரிடும் உழவர்களுக்கு வாடல் நோயைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆடி, ஆவணியில் விதைத்த இறவைப் பருத்தி நன்கு தழைத்து, காய் பிடிக்கத் தொடங்கும் சமயத்தில், கார்த்திகை, மார்கழிக் குளிரில் அடியிலைகள் மஞ்சளாகத் தொடங்கும். நரம்பை ஒட்டிய இடம் மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பட்ட பகுதி காய்ந்து, இலை வரிவரியாகத் தெரியும். பிறகு இலை உதிரும். தண்டைக் கத்தியால் கிழித்துப் பார்த்தால் கட்டைப் பகுதியில் நிறம் மாறிய கோடுகள் ஓடியிருக்கும். இது வெர்டிசிலியம் என்னும் பூசணத்தால் வரும் வாடல் நோய். நம் நாட்டில் இந்த நோய் தமிழ்நாட்டில்தான் அதிகம் பேசப்பட்டது. எம்.சி.யு. 5 இரகம் இதற்கு எளிதில் இலக்கானதால்தான், இந்நோயைத் தாங்கும் எம்.சி.யு. 5 வி.டி. இரகம் பின்னர் தேர்வு செய்யப்பட்டது.

இந்தப் பூசணம் மண்ணில் வாழ்வது. வேர் வழியாக நுழைந்து, நீர் ஏறும் குழாய்களுக்குள் போய் உட்கார்ந்து கொள்கிறது. மேலே தெளிக்கும் மருந்து அங்கே போய்ச் சேருவதில்லை. பயிர் முடிந்த பிறகும் கடுகினும் சிறிய கருங்குருணைகளாக மண்ணில் பத்து ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். எனவே, நோய் வந்த செடிக்கு மருந்து கேட்டு வரும் உழவர்களுக்குத் திருப்தியான பதில் சொல்ல முடிவதில்லை.

ஆனால் செடி சும்மா இருப்பதில்லை. அதுவும் திருப்பித் தாக்குகிறது என்பதும், அந்தத் தாக்குதல் எப்படி நடக்கிறது என்பதும் சில ஆண்டுகளாக வெளிவந்து கொண்டிருக்கின்றன. 2016-ல் பெய்ஜிங் நகரில் சீன அறிவியல் கழகத்து விஞ்ஞானிகள், பருத்திச் செடி தன் உடலில் உண்டாகும் மிகச் சிறிய ஆர்.என்.ஏ. துண்டுகளை வெர்டிசிலியம் பூசணத்துக்குள் செலுத்துகிறது என்று கண்டறிந்தனர்.

ஆர்.என்.ஏ. என்றால் என்ன?

உயிருள்ள ஒவ்வொரு உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் மூலப் பத்திரம் உள்ளது. பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, காரியத்துக்கு நகலை எடுத்துச் செல்கிறோம் அல்லவா? அதைப் போல, உயிரணு தனக்கு வேண்டிய பகுதியை மட்டும் நகல் எடுத்து வெளியே அனுப்புகிறது. அந்த நகலே ஆர்.என்.ஏ. நகலில் உள்ளபடி புரதம் தயாராகிறது. பூசணம் செடியைத் தாக்கப் பயன்படுத்தும் நஞ்சும் நொதிகளும் இவ்வாறு நகல் பார்த்துச் செய்யப்படுபவையே.

இதில் இன்னொரு வகை உண்டு. 21 முதல் 24 எழுத்துகளே நீளமுள்ள சிறு ஆர்.என்.ஏ. இதைப் பார்த்துப் புரதம் எதுவும் தயாராவதில்லை. தனக்குப் பொருந்தும் நகலைத் தேடிப் பிடித்து, அதை அறுத்துவிட உதவுவதே இதன் வேலை. நகல் போனால் புரதம் இல்லை. இந்த முறையை மண்ணில் வாழும் ஒரு சிறு நூற்புழுவில் 1998-ல் விளக்கிய ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ ஆகிய அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2006-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பெய்ஜிங் ஆராய்ச்சியில் தெரிந்தது இதுதான். பருத்தி அனுப்பும் சிறு ஆர்.என்.ஏ.க்களில் இரண்டு, பூசணம் நோய் உண்டாக்கத் தேவையான இரண்டு மரபணுக்களின் நகல்களை அறுக்கின்றன. சரிபார்ப்பதற்காக, அறுபடாதபடி அந்த மரபணுக்களின் எழுத்துகளைச் சற்று மாற்றிய பூசணத்தைப் பருத்தியில் ஏற்றிப் பார்த்தனர். அந்தப் பூசணம் முன்னிலும் கடுமையாகச் செடியைத் தாக்கியது. ஆக, சாதாரணமாக நாம் வயலில் பார்க்கும் நோயே செடி ஓரளவு அடக்கி வைத்த பிறகு மிஞ்சிய நோய் என்று கொள்ள வேண்டும்.

எப்படிப் போய்ச் சேருகிறது?

ஆர்.என்.ஏ. மிகவும் மென்மையான பொருள். உயிரணுவுக்கு வெளியே எங்கு பார்த்தாலும் அதைக் கடித்துத் துண்டாக்கும் நொதிகள் இருக்கின்றன. இலைச் சாற்றிலும் உண்டு, மண்ணிலும் உண்டு, நம் கை வியர்வையிலும் உண்டு. கொட்டும் மழையில் காகிதக் கடிதத்தைக் கையில் பிடித்துக் கொண்டு போக முடியாது. ரப்பர் பைக்குள் வைத்துத்தான் கொண்டு போக வேண்டும். உயிரணுவும் அப்படியே செய்கிறது.

உயிரணுவுக்குள் சவ்வினால் ஆன பைகள் பல உள்ளன. அவற்றில் ஒரு வகைப் பையின் சுவர் உட்பக்கமாகக் குழிந்து, கிள்ளி எடுத்தாற்போல் பிரிந்து, பெரிய பைக்குள் பல சிறு பைகளாக விழுகிறது. குழியும்போது அங்கிருக்கும் ஆர்.என்.ஏ., புரதம் முதலியன உள்ளே அகப்பட்டுக் கொள்கின்றன. பிறகு பெரிய பை உயிரணுவின் ஓரத்துக்கு நகர்ந்து வெளிச்சவ்வுடன் ஒட்டித் திறந்து கொள்ள, சிறு பைகள் வெளியே கொட்டுகின்றன. சாக்கை அவிழ்த்துப் பொட்டலங்களைக் கொட்டுவது போலத்தான். ஒரு நுண்பையின் குறுக்களவு பெரும்பாலும் 30 முதல் 150 நானோமீட்டர். 100 நானோமீட்டர் அளவுள்ள பைகளை வரிசையாக அடுக்கினால், ஒரு மில்லிமீட்டருக்குப் பத்தாயிரம் பைகள் வேண்டும்.

இந்தப் பைகளைச் செடியில் முதலில் பார்த்தது நேற்று இன்றல்ல. கேரட் உயிரணுக்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் 1967-லேயே இவற்றைக் குறித்து வைத்தார்கள். யாரும் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை. 1983-ல் கனடாவில் செம்மறி ஆட்டின் இளம் இரத்த அணுக்களை ஆராய்ந்தவர்கள், அணு முதிரும்போது தனக்கு இனி வேண்டாத புரதத்தை இப்பைகளில் வைத்து வெளியே தள்ளுவதைக் கண்டனர். ஆகவே இவை குப்பைக் கூடைகள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டன. 2007-ல் சுவீடனில் நடந்த சோதனைதான் எண்ணத்தை மாற்றியது. எலியின் உயிரணு வெளியிட்ட பைகளுக்குள் ஆர்.என்.ஏ. இருந்தது. அந்தப் பைகளை மனித உயிரணுக்களுடன் சேர்த்தபோது, மனித உயிரணுவில் எலியின் புரதங்கள் தயாராயின. குப்பை என்று நினைத்த கூடையில் கடிதம் இருந்திருக்கிறது!

கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் ஹைலிங் ஜின் என்ற அம்மையாரின் குழு 2018-ல் இதைச் செடிக்கும் பூசணத்துக்கும் இடையே காட்டியது. அவர்கள் எடுத்துக் கொண்டது கடுகு இனத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்னும் சிறு களைச்செடியும், திராட்சை, ரோஜா, கொண்டைக்கடலை முதலியவற்றில் சாம்பல் பூசண நோயை உண்டாக்கும் போட்ரிடிஸ் பூசணமும். பூசணம் தொற்றிய இடத்தில் நுண்பைகள் கூடுகின்றன. பூசணம் அவற்றை விழுங்கிக் கொள்கிறது. உள்ளே வந்த சிறு ஆர்.என்.ஏ.க்கள் தாக்குவது எதைத் தெரியுமா? பூசணம் தன் சொந்தச் சரக்குப் பைகளைச் செலுத்துவதற்கு வைத்திருக்கும் மரபணுக்களை. எதிரியின் வண்டிச் சக்கரத்தைக் கழற்றுவது போன்ற வேலை.

பூசணமும் இளைத்ததல்ல. போட்ரிடிஸ் தன் சிறு ஆர்.என்.ஏ.க்களைச் செடிக்குள் அனுப்பி, செடியின் எதிர்ப்பு மரபணுக்களை அடக்குகிறது என்பதை இதே குழு 2013-லேயே கூறியிருந்தது. அவையும் நுண்பைகளில்தான் பயணம் செய்கின்றன என்று 2023-ல் தெரிவித்தது.

இதில் கருத்து வேறுபாடும் உண்டு. அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக் கழகத்தார், இலையில் உயிரணுக்களுக்கு வெளியே இருக்கும் ஆர்.என்.ஏ.யில் பெரும்பகுதி பைக்குள் இல்லை, புரதத்துடன் ஒட்டிக் கொண்டு வெளியேதான் இருக்கிறது என்று 2022-ல் எழுதினார்கள். பருத்தி வெர்டிசிலியத்துக்கு அனுப்புவதும் பையில்தான் என்று பெய்ஜிங் ஆராய்ச்சி காட்டவில்லை. போய்ச் சேருகிறது என்பது வரை உறுதி; எந்த வண்டியில் என்பதில் இன்னும் வழக்கு தீரவில்லை.

பகைவர்களுக்கு இடையே மட்டும்தான் இந்தப் போக்குவரத்து என்று நினைக்க வேண்டாம். சோயா மொச்சையின் வேரில் முடிச்சு உண்டாக்கும் ரைசோபியம் பாக்டீரியாவின் சிறு ஆர்.என்.ஏ. துண்டுகள் செடியின் மரபணுக்களைச் சரிசெய்து, அதிக முடிச்சுகள் உண்டாக வழிசெய்கின்றன என்று 2019-ல் வெளியாகியுள்ளது. பயறு விதைக்கு ரைசோபியம் கலக்கும்போது நாம் மண்ணில் இடுவது தழைச்சத்துத் தொழிற்சாலையை மட்டுமன்று போலும்.

தெளிக்கலாமா?

செடி அனுப்புவதை நாமே தயாரித்துத் தெளித்தால் என்ன என்ற கேள்வி உடனே எழும். 2016-ல் ரிவர்சைடு குழு, போட்ரிடிஸுக்கு எதிரான ஆர்.என்.ஏ.யைத் தக்காளி, திராட்சை, ஸ்ட்ராபெரி, வெங்காயம், ரோஜா இதழ் ஆகியவற்றின் மேல் தெளித்து நோயைக் குறைத்துக் காட்டியது. ஆனால் பை இல்லாத வெறும் ஆர்.என்.ஏ. வெயிலிலும் மழையிலும் சில நாட்களில் அழிந்துவிடும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக் கழகத்தார் 2017-ல் அதை மிக நுண்ணிய களிமண் தகடுகளில் ஏற்றித் தெளித்தபோது, ஒரு தெளிப்பிலேயே 20 நாட்கள் வரை நச்சுயிரி நோயிலிருந்து காப்பு கிடைத்தது. அமெரிக்காவில் 2023 டிசம்பரில் உருளைக்கிழங்கு இலையைத் தின்னும் கொலராடோ வண்டுக்கு எதிரான ஆர்.என்.ஏ. மருந்து ஒன்று பதிவு செய்யப்பட்டது. அந்த வண்டு நம் நாட்டுப் பூச்சி அல்ல.

எல்லாப் பூசணமும் ஒன்று போல் இதற்கு மசியாது. 2021-ல் வெளியான சோதனையில், நெல்லில் இலையுறைக் கருகலை உண்டாக்கும் ரைசாக்டோனியாவும், நம் வெர்டிசிலியமும் வெளியிலிருந்து வரும் ஆர்.என்.ஏ.யை நன்கு உறிஞ்சின. மா, மிளகாய் ஆகியவற்றைக் கெடுக்கும் கொலட்டோட்ரைக்கம் அடியோடு உறிஞ்சவில்லை. நன்மை செய்யும் டிரைக்கோடெர்மா சிறிதளவே உறிஞ்சியது. இது நமக்கு அனுகூலமான செய்தி.

இப்படிப்பட்ட உணவைத் தின்றால் நமக்கு ஏதும் ஆகுமா என்று கேட்பவர்கள் உண்டு. நாம் தின்னும் சோறு, கீரை, காய் எல்லாவற்றிலும் ஆர்.என்.ஏ. இருக்கிறது. வயிறு அதைச் செரித்துவிடுகிறது. அரிசியின் சிறு ஆர்.என்.ஏ. மனித இரத்தத்தில் புகுந்து வேலை செய்கிறது என்று 2012-ல் சீனாவிலிருந்து ஒரு கட்டுரை வந்து பரபரப்பூட்டியது. மற்ற ஆய்வுக்கூடங்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அது நிலைக்கவில்லை.

என் அபிப்பிராயத்தில், மண்ணுக்குள் இருந்து குழாய்க்குள் நுழையும் வெர்டிசிலியத்துக்கு இலைமேல் தெளிப்பு உடனடி விடையாகாது. இவ்வகை ஆராய்ச்சியின் பயன் நமக்கு முதலில் இரகத் தேர்வின் மூலமாக வருவதற்கே வாய்ப்பு அதிகம். அதுவரை, புதுப்பெயர் சொல்லி யாராவது குப்பியை நீட்டினால், அதன் சீட்டில் மத்திய பூச்சிமருந்து வாரியத்தின் பதிவு எண்ணும், எந்தப் பயிருக்கு, எந்த நோய்க்கு என்பதும் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தை எடுக்கவும்.

இப்போது செய்ய வேண்டியவை

வாடல் கண்ட வயலில் அடுத்த பருவம் மறுபடி பருத்தியோ, கத்தரி, தக்காளி, வெண்டையோ போட வேண்டாம். இவை எல்லாமே இப்பூசணத்துக்கு உணவு. சோளம், மக்காச்சோளம் போடலாம். நீர் வசதி இருந்தால் நெல்லே மேல். வயலில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது காற்றில்லாமல் கருங்குருணைகள் அழிகின்றன. காய்ந்த பருத்தி மாரை வயலில் மடக்கி உழாமல், வேருடன் பிடுங்கி அப்புறப்படுத்தவும். உதிர்ந்த இலையிலும் பூசணம் இருப்பதால் அதையும் கூட்டி எடுப்பது நல்லது. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா கலந்து விதைக்கலாம். தழைச்சத்தை அளவுக்கு மேல் இட்டால் நோய் கூடும். நோய் கண்ட வயலில் உழுத கலப்பையையும் டிராக்டர் சக்கரத்தையும் மண் போகக் கழுவிய பின்பே அடுத்த வயலுக்குக் கொண்டு செல்லவும்.

வாடியது வெர்டிசிலியத்தால்தானா, வேரழுகலா, வெறும் தண்ணீர்க் குறைவா என்று சந்தேகமிருந்தால், பாதி வாடிய செடி இரண்டு மூன்றை வேருடன் எடுத்து, மண்ணை உதறி, செய்தித்தாளில் சுற்றி அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்துக்கு அன்றே கொண்டு வரவும். முழுதும் காய்ந்த செடியில் வேறு பூசணங்கள் ஏறிவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வழியிலேயே அழுகிவிடும்.