கேட்போர் தரும் பிடியரிசி

சென்ற ஞாயிறு மாலை, வெள்ளவத்தையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்திலிருந்து திரும்புகையில் பழைய மாணவர் ஒருவர் எதிர்ப்பட்டார். காலி வீதியை அடுத்த ஒழுங்கையொன்றில், தம் வீட்டு அறையிலிருந்தே இணைய வானொலி நடத்துபவர் அவர். "ஐயா, வியாபாரி ஒருவர் மாதந்தோறும் பணம் தர முன்வந்திருக்கிறார். ஆனால், இலக்கிய உரைகளை நிறுத்திவிட்டுச் சினிமாப் பாட்டுப் போடவேண்டுமாம். என்ன செய்யட்டும்?" என்றார். அவ்வுரைகளுட் சில நான் நிகழ்த்துவன. ஆகையால் உடனே விடை கூற நாணினேன்.

பணமின்றி வானொலி இல்லை. அலைவழி ஒலிபரப்பில் ஒருவர் கேட்பினும் இலட்சம் பேர் கேட்பினும் செலவு ஒன்றே. இணையத்திலோ ஒவ்வொருவருக்கும் ஒலி தனித்தனியே செல்வதால், கேட்போர் பெருகச் செலவும் பெருகும். பாடல் உரிமையாளர்க்குச் செலுத்தும் தொகை வேறு.

விளம்பரத்தை இகழ்வதற்கில்லை. 1950 இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு அதனாலேயே வளர்ந்தது. 1952 இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாடல்களை ஒதுக்கவே, பாரத மக்கள் கொழும்பின்பாற் செவி திருப்பினர். பற்பசை விற்பவர் பணத்தில் 'பினாக்கா கீத்மாலா' புகழ் பெற்றது. பின்னர், 1957 இல் இந்தியாவிலேயே 'விவித் பாரதி' பிறந்தது. 1967 இல் அதுவும் விளம்பரம் ஏற்றது. விளம்பரதாரர் கூட்டத்தை நாடுபவர். கூட்டம் விலகின் அவரும் விலகுவார்.

மற்றொரு வழியும் உண்டு. 1949 இல் அமெரிக்காவின் பெர்க்கிலி நகரில் லூயிஸ் ஹில் என்பார் தொடங்கிய கே.பி.எஃப்.ஏ. நிலையம் விளம்பரத்தை விலக்கி, நேயர் சந்தாவை நம்பியது. நூற்றுக்கு இருவர் சந்தா தந்தாற் போதும் என்பது அவர் கணக்கு. 1950 இல் பணமின்றி ஓய்ந்த அந்நிலையம், நேயர் ஆதரவால் 1951 இல் மீண்டும் ஒலித்தது. 2000 இல் சான் பிரான்சிஸ்கோவில் எழுந்த 'சோமா எஃப்.எம்.' என்னும் இணைய வானொலியும் நேயர் நன்கொடையாலேயே வாழ்கிறது.

இது நமக்குப் புதிதன்று. திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஓர் உபயகாரருடையது. ஆயினும் சுவாமி அவர் சொல்லும் வீதியில் எழுந்தருளுவதில்லை. உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை ஒதுக்கி அறம் வளர்த்தவர் நம் தாய்மார்.

மறுநாள் அவரிடம் சொன்னேன்: "தம்பி, விளம்பரத்தை ஏற்றுக்கொள்ளும், நிபந்தனையை ஏற்காதீர். சிறு சந்தா வகுத்து, மாதந்தோறும் வரவு செலவை நேயர்க்கு அறிவியும். என் உரையைக் கேட்பாரில்லையெனின் அதனை நிறுத்திவிடும்." இறுதி வாக்கியத்தைச் சொல்கையில் மனம் சற்று வலிக்கவே செய்தது.

முதற் சந்தாவை நானே கொடுத்தேன். தமிழன்பர்காள், நூற்றுக்கு இருவர் நம்மிடை இல்லாமற் போவரோ?