முன் பாரமா, பின் பாரமா?

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு முன் பாரம், பின் பாரம் என்ற இரண்டு சொற்களும் நன்றாகத் தெரியும். மூட்டைகளை முன்னே அதிகம் அடுக்கினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னே அதிகம் அடுக்கினால் நுகத்தடி மேலே தூக்கிக்கொண்டு பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அதனால் வண்டிக்காரர் பாரம் ஏறும்போதே நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். "இன்னும் ஒரு மூட்டை முன்னே தள்ளு" என்பார். சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் இன்று சரக்கு ஏறுவது மினி லாரிகளில். வண்டி மாறியதே தவிரப் பாரக் கணக்கு மாறவில்லை. ஒரே வேறுபாடு, மாடு உடனே காட்டிக்கொடுத்துவிடும். எஞ்சின் வண்டி வளைவில் வந்துதான் காட்டிக்கொடுக்கும்.

வண்டி குடை சாய்ந்தால் முதலில் டிரைவரைத்தான் கேட்கிறோம். தூங்கினாரா, வேகமாகப் போனாரா என்று விசாரிக்கிறோம். அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் எந்த மூட்டை எங்கே உட்காருவது என்பதைப் பெரும்பாலும் டிரைவர் தீர்மானிப்பதில்லை. குடோன் வாசலில் நிற்கும் நாமும், அவசரத்தில் இருக்கும் லோடுமேன்களும் தீர்மானிக்கிறோம். ஆகவே இந்தச் செய்தி டிரைவர்களைவிடக் கடைக்காரர்களுக்கே அதிகம் வேண்டியது.

வெள்ளிக்கோல் கணக்கு

வெள்ளிக்கோலில் நிறுத்துப் பழகியவர்களுக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. எடை ஒன்றாகவே இருந்தாலும் பிடிக்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் தொங்குகிறது என்பதைப் பொறுத்துக் கோல் சாயும். சரக்கு வண்டியில் பின் அச்சுதான் அந்தப் பிடி.

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 7 அடி உள்ள ஒரு மினி லாரியை எடுத்துக்கொள்வோம். 50 கிலோ சர்க்கரை மூட்டைகள் 10, அதாவது 500 கிலோ ஏற்றுகிறோம். பின் அச்சுக்கு 2 அடி முன்னால் அவற்றின் நடுப்பகுதி அமைந்தால் பின் சக்கரங்கள் 357 கிலோவும் முன் சக்கரங்கள் 143 கிலோவும் தாங்கும். அதே மூட்டைகளைப் பின் கதவை ஒட்டி, அச்சுக்கு 2 அடி பின்னால் அடுக்கினால் பின் சக்கரங்களின் மேல் 643 கிலோ விழும். ஏற்றியதே 500 கிலோ. மீதி 143 கிலோ எங்கிருந்து வந்தது? முன் சக்கரங்களிலிருந்து வந்தது. வண்டியின் மூக்கைத் தூக்கிவிட்டோம். ஸ்டீயரிங் லேசாகத் திரும்பும். அதைச் சௌகரியம் என்று நினைப்பவர்களும் உண்டு! உண்மையில் முன் டயர் ரோட்டைச் சரியாகப் பிடிக்கவில்லை என்பதே அதற்குப் பொருள்.

நாமக்கல் பக்கம் பாடி கட்டும் பட்டறைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. பின் அச்சுக்குப் பின்னால் பாடி எவ்வளவு நீளலாம் என்பதற்கு மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே வரம்பு உண்டு. இரண்டு அச்சுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தில் 60 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. நாம்தான் "இன்னும் ஒரு அடி பின்னால் இழுத்துக் கட்டுங்கள்" என்று பட்டறையில் நின்று கேட்கிறோம்.

வளைவில் நடப்பது

வளைவில் திரும்பும்போது ஒவ்வொரு அச்சும் தன் மேல் உள்ள எடையை உள்பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். எடை கூடினால் டயரின் பிடியும் கூடும். ஆனால் எடை இரண்டு மடங்கானால் பிடி இரண்டு மடங்காவதில்லை. கொஞ்சம் குறைவாகவே கூடும். ஆகவே எந்தப் பக்கம் அதிக எடை இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்குத்தான் பிடி முதலில் போதாமல் போகும். முன்பக்கம் கனத்தால் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரே போகப் பார்க்கும். பின்பக்கம் கனத்தால் வால் வெளியே வீசும். இரண்டில் எது ஆபத்து என்றால், சாதாரண டிரைவருக்குப் பின்னதுதான். வண்டி நேரே போனால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க வழியுண்டு. வால் வீசினால் பயத்தில் பிரேக்கை மிதிப்பார். மிதித்ததும் எடை முன்னே ஓடிப் பின் சக்கரம் இன்னும் விட்டுவிடும்.

இதையே வேண்டுமென்று செய்வது ஒரு விளையாட்டு. "டிரிஃப்ட்" என்று பிள்ளைகள் செல்போனில் பார்க்கிறார்களே, அதுதான். ஜப்பானின் மலைச்சாலைகளில் பழகிய கெய்ச்சி சுசியா போன்றவர்களால் பெயர் பெற்றது. எடையை முன்னும் பின்னும் ஓடவிட்டு, பின் டயரைச் சறுக்கவிட்டு, ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் பிடித்தபடி வளைவைக் கடக்கிறார்கள். தடுப்பு கட்டிய மைதானத்தில் செய்வதை அரிசி ஏற்றிய வண்டி ராசிபுரம் ரோட்டில் தானாகவே செய்துவிட்டால் என்ன ஆகும்?

நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. கோவை செட்டிபாளையத்தில் உள்ள கார் பந்தயத் தளம், 1995இல் மறைந்த எஸ். கரிவரதன் அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஓட்டுநர் ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் கார்களை உருவாக்கியவர் அவர். கடைத்தெருவில் ஓடிய மாருதி 800இல் எஞ்சின் முன்னால் இருந்தது. பந்தயக் காரிலோ அதே எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் போனது. வைக்கும் இடம் மாறினால் வண்டியின் குணமே மாறும் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம்.

மளிகைக்காரர்கள் பலர் ஆம்னி வேனில் சரக்கு ஏற்றியவர்கள். அதன் உற்பத்தி 2019இல் நின்றுவிட்டாலும் ஓடிக்கொண்டிருப்பவை இன்னும் இருக்கின்றன. அதில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். இழுப்பது பின் சக்கரம். காலியாக ஓடும்போது பின்பக்கம் லேசு. மழை ரோட்டில் திடீரென்று பிரேக் அடித்தால் பின் சக்கரம் நின்று வண்டி சுற்றக்கூடும். பின் கதவை ஒட்டிச் சரக்கை அடைத்தால் நிலைமை தலைகீழ். முன் சக்கரம் இழுக்கும் கார்களின் டிக்கியில் மூட்டை ஏற்றுபவர்கள் வேறொன்றைக் கவனித்திருப்பார்கள். ஏற்றத்தில், அதுவும் ஜல்லி கிடந்தால், முன் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்.

இறக்கும் வரிசையில்தான் சிக்கல்

இதெல்லாம் தெரிந்தும் ஏன் பின் பாரம் ஏறுகிறது? காரணம் நம் லைன் வியாபாரம்தான். கடைசியில் இறக்குவது முதலில் ஏறும். முதலில் இறக்குவது கடைசியில், கதவோரம் ஏறும். முதல் கடை பெரிய கடையாக இருந்தால் சர்க்கரையும் எண்ணெய் டின்னும் வெல்லச் சிப்பமும் கதவோரம் சேர்ந்துவிடும். கடைசிக் கடைக்குப் போகும் அப்பளமும் பிஸ்கட் அட்டைப்பெட்டியும் கேபினை ஒட்டி உட்கார்ந்துவிடும். பார்வைக்கு வண்டி நிறைந்திருக்கும்; எடை முழுதும் வாலில்.

கடை வரிசைப்படி அடுக்குவதை விட்டுவிடச் சொல்லவில்லை; அது நடக்காது. கனமான சரக்கு எந்தக் கடைக்கானாலும் தரைத்தட்டில், பின் அச்சுக்குச் சற்று முன்னால் தொடங்கி கேபின் பக்கமாகப் பரவட்டும். லேசானது அதன் மேலும் கதவோரமும் வரட்டும். பின் அச்சு இருக்கும் இடத்துக்கு நேராகப் பாடியின் உட்பக்கம் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டால் லோடுமேன்களுக்கு வாயால் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. முதல் கடையில் ஐந்து நிமிடம் கூடுதலாகும். அதற்குக் கூலி கேட்டால் கொடுத்துவிடலாம்.

உயரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சரக்கோடு சேர்ந்த வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 3 அடியில் இருந்தது 4½ அடிக்கு ஏறினால், அதைச் சாய்க்கத் தேவையான பக்க விசை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். முன்பு 40 கிலோமீட்டர் வேகத்தில் குடை சாயக்கூடிய வளைவில் இப்போது 33இலேயே சாயும். டிரைவரின் கண்ணுக்கு இந்த 7 கிலோமீட்டர் வித்தியாசம் தெரியவே தெரியாது. எண்ணெய் பேரல் பாதி காலியாக இருந்தால் இன்னும் மோசம். உள்ளே எண்ணெய் ஒரு பக்கமாக அலையடித்து வண்டியையும் இழுக்கும். டேங்கர்களுக்குள் தடுப்புத் தகடுகள் வைப்பது இதற்காகத்தான்.

மலைப்பாதை வியாபாரிகளுக்கு

ஏற்காடு பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70. மேலே ஏறும்போது எடை பின்னே சரியும். பின் பாரமாக ஏற்றிய வண்டி கொண்டை ஊசியில் முன் சக்கரத்தின் பிடியை இழந்து தடுமாறும். கீழே இறங்கும்போது எடை முன்னே வரும். மிளகும் காப்பியும் அன்னாசியும் ஏற்றி வரும் வண்டியில் கயிறு சரியாக இழுத்துக் கட்டாவிட்டால், முதல் பிரேக்கிலேயே சரக்கு கேபினில் வந்து மோதும். இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடும் பழக்கம் இன்னும் போகவில்லை. அப்போது மொத்தப் பாரத்தையும் பிரேக் மட்டுமே தாங்குகிறது. சூடேறியதும் அது கைவிடும். தருமபுரியிலிருந்து சேலம் வரும் தொப்பூர் இறக்கத்தில் நடக்கும் லாரி விபத்துகள் நமக்குப் புதிதல்ல. 2020 டிசம்பர் 12ஆம் தேதி அங்கே சிமெண்டு ஏற்றி வந்த லாரி முன்னே நின்ற வாகனங்கள் மீது வரிசையாக மோதியதில் 4 பேர் இறந்தனர்.

சிறு கடைக்காரர்களுக்கு வண்டி என்றால் மொபெட்தான். 1980இல் வந்த டிவிஎஸ் 50 முதல் இன்றைய எக்ஸ்எல் வரை எத்தனை மூட்டை சுமந்திருக்கும்! கால் வைக்கும் இடத்தில் கிடத்திய மூட்டை தாழ்வாக, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் இருக்கிறது. ஹேண்டில் முழுதாகத் திரும்ப இடம் விட்டால் போதும். பின் கேரியரில் உயர்த்திக் கட்டியது அப்படியல்ல. முன் சக்கரம் லேசாகி, சற்று வேகம் எடுத்ததும் ஹேண்டில் ஆடும்.

சட்டத்தின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவுப்படி அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம். கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி. மிகுதிச் சரக்கை இறக்கும் செலவும் நம்முடையதே. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரும் அனுமதித்தவரும் அந்தப் பிரிவுக்குள் வருகிறார்கள்.

மொத்த எடை சரியாக இருந்து இடம் தவறியிருந்தால் அதை எடை மேடைச் சீட்டு காட்டாது. ஆனால் காட்ட வைக்கலாம். காலி வண்டியின் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு முறை எடை எடுத்து, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லோடு ஏற்றியபின் அதேபோல் முன் சக்கரங்களை மட்டும் நிறுத்துங்கள். காலியில் இருந்ததைவிட எடை குறைந்திருந்தால் வண்டியைக் குடோனுக்குத் திருப்பி, கதவோர மூட்டைகளை முன்னே மாற்றிய பிறகே அனுப்புங்கள்.