தலைசுற்றினால் எந்த டாக்டர்?

படுக்கையில் புரண்டால் அறையே சுழல்கிறது. கண்ணை மூடி, கட்டிலைப் பிடித்துக்கொண்டால் அரை நிமிடத்தில் அடங்குகிறது. பரணில் டப்பா எடுக்க அண்ணாந்தால் மறுபடியும் அதே சுழற்சி. பித்தம் என்று எலுமிச்சைச் சாறு, பிரஷர் இறங்கிவிட்டது என்று உப்பு மோர், கழுத்து எலும்புத் தேய்மானம் என்று எக்ஸ்ரே, கழுத்துப் பட்டை. நடுவயதைத் தாண்டினால் பெரும்பாலோருக்கு எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியத்தான் செய்யும். தலைசுற்றலுக்கு அதுவே காரணமாகிவிடாது.

இந்த வகைச் சுழற்சிக்குப் பெரும்பாலும் காரணம் காதுக்குள் இருக்கிறது. உட்செவியில் உடலின் சமநிலையைக் காக்கும் நுண்ணிய கால்சியம் துகள்கள் உண்டு. அவற்றில் சில இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் நுழைந்துவிட்டால், தலையைத் திருப்பும்போதெல்லாம் அங்குள்ள திரவத்தை அசைக்கும். தலை நின்ற பிறகும் சுழல்வதாகவே மூளைக்குச் செய்தி போகும்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் நோயாளியின் தலையை ஒருபுறம் திருப்பிச் சட்டென்று படுக்க வைத்து, கருவிழி துடிப்பதைக் கவனிப்பார். எந்தக் காது என்று தெரிந்ததும், தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகள்களைப் பழைய இடத்துக்கே அனுப்புவார். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்ளியின் பெயரால் வழங்கும் முறை இது. சில நிமிட வேலை. பலருக்கு ஓரிரு முறையிலேயே குணமாகிறது. மாத்திரையால் துகள் நகராது.

எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருட்டுகிறதா? பொது மருத்துவரிடம் போங்கள். ரத்த அழுத்தம், ரத்தசோகை, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் அவர் பார்க்க வேண்டும். சுழற்சி மணிக்கணக்கில் நீடித்து, காது அடைத்து இரைந்தால் மறுபடியும் காது மருத்துவர்தான்.

ஆனால் தலைசுற்றலோடு பேச்சு குழறினாலோ, முகம் கோணினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, கை கால் மரத்தாலோ, பிடிமானமின்றி நிற்க முடியாமல் போனாலோ, அது பக்கவாதமாக இருக்கலாம். கிளினிக் வரிசையில் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

மருத்துவரிடம் "எனக்குப் பித்தம்" என்று நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். எப்போது வந்தது, என்ன செய்தபோது வந்தது, எத்தனை நிமிடம் இருந்தது, கூடவே வேறென்ன இருந்தது: இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். தேவையில்லாத ஸ்கேன் செலவு பெரும்பாலும் அங்கேயே மிச்சமாகும்.