ஆலாக்களும் நம் காலடிகளும்

தமிழில் 'ஆலாய்ப் பறத்தல்' என்றொரு வழக்கு உண்டு. ஒன்றை அடைவதற்காக ஓயாமல் அலைவோரை அவ்வாறு குறிப்பிடுகிறோம். கடலோரத்தில் ஆலா என்னும் பறவை இரை தேடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வழக்கின் பொருத்தம் உடனே விளங்கும். அலகைக் கீழ்நோக்கிக் கவிழ்த்தபடி அலைகளுக்கு மேல் அங்குமிங்கும் பறக்கும். ஓரிடத்தில் சிறகடித்து நிற்கும். சட்டென்று நீரில் பாய்ந்து மீனோடு எழும். வழக்கு நம் நாவில் இருக்கிறது; பறவையைத்தான் நம்மில் பலர் அறியவில்லை. கடற்கரையில் வெண்ணிறமாகப் பறப்பவற்றையெல்லாம் கடற்காகம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. கடற்காகம் பருத்த உடலும் அகன்ற சிறகும் கொண்டது. அதன் அலகின் நுனி சற்றே வளைந்திருக்கும். அது நீரின் மேல் அமர்ந்து நீந்தும்; கரையில் கிடக்கும் மீன்கழிவையும் தின்னும். ஆலா மெலிந்த உடலும் குறுகிக் கூர்ந்த சிறகும் கொண்டது. அலகு நேராகவும் கூர்மையாகவும் இருக்கும்; பெரும்பாலான வகைகளில் வால் பிளவுபட்டிருக்கும். விரல்களுக்கிடையே சவ்வு இருந்தபோதிலும் அது நீரில் அமர்வது அரிது.

ஆலாக்களுள் வகை பிரிப்பதற்குத்தான் சற்றுப் பொறுமை வேண்டும். உருவ அளவு, அலகின் நிறம், தலையின் கறுப்பு, இரை தேடும் முறை ஆகிய நான்கையும் வரிசையாகக் கவனித்தால் பாதிக்கு மேல் விடை கிடைத்துவிடும்.

தடித்த, பவளச் சிவப்பு அலகுடன் மற்றவற்றைவிடப் பெரிதாகத் தோன்றுவது காஸ்பியன் ஆலா. உலகின் ஆலாக்களுள் மிகப் பெரியது இதுவே. எலுமிச்சை மஞ்சள் அலகும் கருஞ்சாம்பல் முதுகும் கொண்டது பெரிய கொண்டை ஆலா. அதைவிடச் சற்றுச் சிறிதாக, வெளிர்ந்த முதுகும் ஆரஞ்சு நிற அலகும் கொண்டிருப்பது சிறிய கொண்டை ஆலா. கறுப்பு அலகின் நுனியில் மட்டும் மஞ்சள் தெரிந்தால் அது சாண்ட்விச் ஆலா. தடித்த கறுப்பு அலகுடன் சேற்றுப் பரப்பின் மேல் தாழப் பறந்து நண்டையும் பூச்சியையும் கொத்துவது பருத்த அலகு ஆலா. அது மற்றவற்றைப் போல நீரில் பாய்வது அரிது. ஏரிகளிலும் உப்பளங்களிலும் நீர்ப்பரப்பைத் தொட்டும் தொடாமலும் இரை எடுப்பது மீசை ஆலா. மைனா அளவே இருக்கும் சின்ன ஆலா, விரைந்து சிறகடித்து அந்தரத்தில் நின்று, கல் விழுவதுபோல் நீரில் விழும்.

பருவத்துக்கேற்ப ஆலாவின் தோற்றம் மாறும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். இனப்பெருக்கக் காலத்தில் பெரும்பாலான வகைகள் தலையில் கறுப்புத் தொப்பி அணிந்ததுபோல் இருக்கும். குளிர்காலத்தில் நெற்றி வெளுத்து, கறுப்பு பின்தலைக்குச் சுருங்கிவிடும். சிலவற்றின் அலகு நிறமும் மாறும். சின்ன ஆலாவையும் சாண்டர்ஸ் ஆலாவையும் அப்போது பிரித்தறிவது தேர்ந்தவர்களுக்கும் கடினம். உறுதியில்லாதபோது 'ஆலா' என்று மட்டும் குறித்துக்கொள்வதே நேர்மையான பதிவு.

தமிழகத்தில் பழவேற்காடு, கோடியக்கரை, தனுஷ்கோடி ஆகியவை ஆலாக்களைக் காண ஏற்ற இடங்கள். குளிர்கால வலசைப் பருவத்தில் பல வகைகளை ஒரே நாளில் பார்க்க முடியும். முகத்துவார மணல்திட்டுகளில் அவை காற்றை எதிர்நோக்கி வரிசையாக நின்று ஓய்வெடுக்கும். பெரியதையும் சிறியதையும் அருகருகே ஒப்பிட அதுவே நல்ல வாய்ப்பு. பறவை பார்க்க விடியற்காலையே சிறந்தது என்பார்கள். ஆனால், கிழக்குக் கடற்கரையில் காலையில் கடலை நோக்கினால் கண்ணில் வெயில் அடிக்கும். பறவைகள் வெறும் நிழலுருவாகவே தெரியும். அலகின் நிறத்தை அறிய, சூரியன் முதுகுப்புறம் வரும் பிற்பகலே ஏற்றது.

மீனவர்களுக்கு இப்பறவை வெறும் காட்சிப் பொருள் அன்று. கடலில் ஆலாக்கள் ஓரிடத்தில் கூடிப் பாய்ந்தால், கீழே பெரிய மீன்கள் சிறு மீன் கூட்டத்தை மேல்நோக்கி விரட்டுகின்றன என்று பொருள். கருவிகள் வருவதற்கு முன்பே மீன் இருக்குமிடத்தைக் காட்டிய வழிகாட்டிகள் இவை.

ஆயினும், ஆலாக்கள் எல்லாமே வந்து செல்லும் விருந்தாளிகள் அல்ல. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள மணல்திட்டுகளில் சில வகைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. இலங்கை தன் பக்கத்துத் திட்டுகளை 2015-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது.

இங்குதான் கவலை தொடங்குகிறது. இத்திட்டுகளிலும் திறந்த கடற்கரைகளிலும் முட்டையிடும் ஆலாக்கள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெறும் மணலில் சிறு குழி பறித்து முட்டையிடுகின்றன. மணலின் நிறமும் புள்ளிகளுமே முட்டைக்குக் காப்பு. பருந்தின் கண்ணை ஏமாற்றும் அந்த நிறம் மனிதரின் கண்ணையும் ஏமாற்றுகிறது. மிதிப்பவருக்குத் தாம் மிதித்தது தெரியாது. வாகனம் ஓட்டுபவருக்குச் சக்கரத்தின் கீழ் நசுங்கியது தெரியாது. ஆள் அருகே வந்தால் தாய்ப்பறவை எழுந்துவிடும். கடும் வெயிலில் நிழலின்றிக் கிடக்கும் முட்டைக்குள் உள்ள உயிர் விரைவிலேயே வெந்துபோகும். தன் வயிற்று இறகுகளை நீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும் பறவை அது. அதை நாம் எழுப்பிவிட்டு நிழற்படம் எடுக்கிறோம். கரையில் நாம் வீசும் உணவுக்கு வரும் காகமும் நாயும் எஞ்சியதை முடித்துவிடுகின்றன.

கடலாமை முட்டைகளைக் காப்பதில் நமக்குப் பல்லாண்டு அனுபவம் உண்டு. தன்னார்வலர்கள் இரவில் கடற்கரையில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகங்களில் வைக்கிறார்கள். ஆலா முட்டைகளை அப்படி இடம் மாற்ற முடியாது. பெற்றோர் அடைகாத்து ஊட்டினால்தான் குஞ்சு பிழைக்கும். எனவே, அவை இருக்குமிடத்திலேயே காக்கப்பட வேண்டும். பிரிட்டனில் சின்ன ஆலா முட்டையிடும் கடற்கரைகளில் அப்பருவத்துக்கு மட்டும் வேலியிட்டு, காவலர்களை நிறுத்துகிறார்கள். பருவம் முடிந்ததும் கரை மக்களுக்கே திரும்பிவிடுகிறது. வனத்துறையும் கடலோர ஊராட்சிகளும் மீனவர்களும் இணைந்தால் இங்கும் இது இயலாததன்று. முட்டையிடும் மாதங்களில் அந்த மணற்பரப்பில் வாகனங்களைத் தடுப்பதும், கழிவுகளை அகற்றுவதும் பெரும் செலவு பிடிக்கும் பணிகள் அல்ல.

பறவை பார்ப்போருக்கும் ஓர் எளிய விதி போதும். தலைக்கு மேல் ஆலாக்கள் கூச்சலிட்டுச் சுற்றினால், நாம் வேண்டிய தொலைவைத் தாண்டிவிட்டோம் என்று பொருள். அடுத்த அடி எடுத்து வைக்காமல், வந்த தடத்திலேயே திரும்பிவிட வேண்டும். பெயர் தெரிந்த பறவையின் மீது நமக்குப் பொறுப்பு பிறக்கிறது. அந்தப் பொறுப்பின் முதற்படி, எங்கே கால் வைக்கக் கூடாது என்று அறிவதுதான்.