திரைக்குள் ஒரு பண்ணை

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன் மலையில் மரவள்ளிக் குச்சி நட்டவர்களுக்குத் தெரியும், கிழங்கு தோண்ட எட்டு மாதமோ பத்து மாதமோ காத்திருக்க வேண்டும். 'ஸ்டார்டியூ வேலி' என்ற வீடியோ கேமில் ஒரு கிழங்கு நாலே நாளில் விளைந்துவிடும். ஆனால் அங்கேயும் உழைப்பு உண்டு. மண்ணைக் கொத்த வேண்டும், விதை போட வேண்டும், தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு நாள் மறந்தால் அன்றைக்கு வளர்ச்சி இல்லை. ஒரு பருவத்துக்கு 28 நாள். பருவம் தப்பிய பயிர் பட்டுப்போகும்.

அமெரிக்க இளைஞர் எரிக் பரோன், படம், இசை, கணினி நிரல் எல்லாவற்றையும் தனி ஆளாகச் செய்து 2016 பிப்ரவரியில் இந்த விளையாட்டை வெளியிட்டார். நாலரை ஆண்டு உழைப்பு! அவருக்கு முன்னோடி ஜப்பானின் யசுஹிரோ வாடா. கிராமப்புறத்தில் வளர்ந்து டோக்கியோவுக்கு வேலைக்குப் போனவர், ஊர் நினைப்பில் 1996-இல் உருவாக்கிய பண்ணை விளையாட்டுதான் 'ஹார்வெஸ்ட் மூன்'.

வயல் வேலை முடிந்ததும் காடு, சுரங்கம், கடற்கரை என்று ஸ்டார்டியூவில் இஷ்டம்போல் சுற்றலாம். காட்டில் கிடைப்பதைப் பொறுக்கி விற்கலாம். கடுக்காய் பொறுக்கும் கல்வராயனின் வெள்ளிமலைக்காரர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆடிப் பட்டத்தில் சாமை விதைத்துவிட்டு, அதே மலையின் மேகம் அருவி வரை நடந்துவரும்படி ஒரு விளையாட்டு தமிழில் வர வேண்டும். கணினி படிக்கும் கள்ளக்குறிச்சிப் பிள்ளைகளே, எந்த மழைக்கு எதை விதைப்பது என்று மலையில் இருக்கும் பெரியவர்களிடம் கேளுங்கள், நிச்சயம் சொல்வார்கள்.