புதுமனையும் மாதச் செலவும்

சொந்த வீடு வாங்குதல் ஒரு குடும்பத்தின் வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ நிகழ்வதாகும். கிரயப் பத்திரம் பதிவான அன்றே செலவு தீர்ந்ததெனக் கருதுவோர் பலர். வீட்டின் விலை ஒருமுறை கொடுத்து முடிப்பது. வீட்டை நடத்தும் செலவோ மாதந்தோறும் வந்து நிற்பது.

கொல்லிமலையில், குறிப்பாக வளப்பூர் நாட்டில், இவ்வேறுபாடு மிகத் தெளிவாகப் புலப்படும். மிளகும் காப்பியும் மார்கழியை ஒட்டித்தான் பலன் தரத் தொடங்கும். மின் கட்டணமும் எரிவாயு விலையும் அப்பருவம் வரைக் காத்திரா. வீடு வாங்கிக் கையிருப்பைக் கரைத்துவிட்ட அங்கத்தினர், ஐப்பசியில் முடை நேருங்கால் கொடியிலுள்ள மிளகின்மேல் வியாபாரியிடம் முன்பணம் பெறுகிறார். விலையும் அப்பொழுதே பேசி முடிக்கப்பெறுகிறது. பச்சை மிளகு ஏறத்தாழ 3 கிலோ உலர்ந்தால் 1 கிலோ கருமிளகாகும். அதனை உலர்த்திச் சலித்து, நல்ல விலை வரும்வரை வைத்திருந்து விற்கும் வாய்ப்பு, சில நூறு ரூபாய்ப் பற்றாக்குறையினால் கைநழுவிப் போகிறது. நாம் வீட்டுச் செலவைப் பற்றிக் கூட்டுறவு ஏட்டில் எழுதப் புகுந்தது இதன்பொருட்டே.

முதற்கண் ஆவணங்களை நோக்குவோம். வில்லங்கச் சான்று பார்த்து, பட்டா மாற்றத்திற்கு மனுச் செய்து, ஊராட்சியில் வீட்டு வரிப் பெயரை மாற்றுவதோடு பெரும்பாலோர் நின்றுவிடுகின்றனர். மின் இணைப்பு மட்டும் பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும். இதனால் விளையும் தொல்லை சிறிதன்று. முன்னிருந்தவர் வைத்துச் சென்ற மின் கட்டணப் பாக்கியைப் புதிய உரிமையாளர் தீர்த்த பின்னரே இணைப்புத் தரப்படும் என்று விதி இருக்குமாயின், அவ்விதி செல்லத்தக்கதே என 2023 மே மாதத்தில் கேரள மின்வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே கடைசிக் கட்டண ரசீதைக் கண்ணாற் கண்ட பிறகே கிரயத்தின் இறுதித் தொகையைக் கொடுத்தல் நன்று.

சமவெளி நெசவாளருக்கு இதில் மற்றொரு பொருளும் அடங்கியுள்ளது. கைத்தறி நெசவாளருக்கு இரு மாதங்களுக்கு 200 யூனிட்டாக இருந்த விலையில்லா மின்சாரம் 2023-ஆம் ஆண்டில் 300 யூனிட்டாக உயர்த்தப்பெற்றது. வீடு மாறியவர் அச்சலுகை தானே தம்மைத் தொடர்ந்து வருமென்று வாளாவிருத்தல் கூடாது. புதிய இணைப்பிற்கு முறைப்படி விண்ணப்பித்தல் வேண்டும்.

இனி மின் செலவு. 2016 மே மாதம் முதல் தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. அதன்மேல் பயன்பாடு ஏற ஏற யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறும். குடிபுகுந்தவுடன் எதனையும் வாங்காது, முதல் இரு மாதங்கள் தினமும் மாலையில் மீட்டர் எண்ணை ஒரு நோட்டில் குறித்து வருக. ஓரிரவு வீட்டிலுள்ள எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு மீட்டரின் சிறு விளக்கைப் பார்க்க. அது அப்பொழுதும் விட்டுவிட்டு மின்னுமாயின் பழைய கம்பிகளில் எங்கோ கசிவு உண்டு. மின் பணியாளரை அழைத்தல் அவசியம். கசிவு பணத்தை மட்டுமன்றி உயிரையும் வாங்கவல்லது.

பல வீடுகளில் தந்தையார் விளக்கை அணைக்கும்படி பிள்ளைகளைக் கடிந்தவண்ணம் இருப்பார். 9 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு, நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரிந்தாலும் 60 நாளில் 11 யூனிட்டுக்கு மேல் ஆகாது. அதே நேரத்தில் குளியலறையில் வாளிக்குள் தொங்கும் வெந்நீர்க் கம்பியை ஒருவரும் கேட்பதில்லை. கணக்கைப் பாருங்கள். ஒரு வாளி, அதாவது 20 லிட்டர் நீரைக் குளிர்ந்த நிலையிலிருந்து 24 டிகிரி உயர்த்த அரை யூனிட்டுக்குச் சற்று மேல் செலவாகும். நான்கு பேர் 60 நாள் குளித்தால் 134 யூனிட். விலையில்லா 100 யூனிட்டையும் வெந்நீர் ஒன்றே விழுங்கி, மேலும் கேட்கிறது! மலையில் மார்கழிக் குளிரில் தண்ணீரில் குளிக்கச் சொல்வார் எவருமிலர். வெப்பத்தை எதிலிருந்து பெறுவது என்பதே வினா.

காப்பித் தோட்டத்தில் நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக் மரங்களின் கிளைகளை ஆண்டுதோறும் கழிக்கிறோம். அவற்றை மழைக்கு முன்னரே வெட்டி அடுக்கிக் கூரையின்கீழ் உலர வைத்தால், ஒரு அண்டா வெந்நீருக்கு ஆண்டு முழுதும் போதுமான விறகு பல குடும்பங்களுக்குக் கிடைக்கும். அடுப்பு வீட்டிற்கு வெளியே, புகைபோக்கியுடன் அமைதல் வேண்டும். சிக்கனத்தின் பெயரால் பெண்டிர் நெஞ்சில் புகையை ஏற்றுதல் தகாது. ஈர விறகு தன் வெப்பத்தில் ஒரு பகுதியைத் தன்னை உலர்த்திக்கொள்வதிலேயே போக்கிவிடும். சூரிய வெந்நீர்க் கருவி நல்லதே. ஆயினும் மூடுபனி சூழ்ந்த நாட்களில் அதனை முழுதும் நம்புவதற்கில்லை. கடன் பெற்று அதனை வாங்க நாம் பரிந்துரையோம்.

சமவெளியில் வெந்நீரின் இடத்தை மின்விசிறி பிடித்துக்கொள்கிறது. 75 வாட் பழைய விசிறி நாளொன்றுக்கு 10 மணி சுழன்றால் இரு மாதத்தில் 45 யூனிட். 30 வாட் புதுவகை விசிறிக்கு 18 யூனிட். தறி மேடையின் மேலே ஓட்டுக் கூரையில் இரண்டு கண்ணாடி ஓடுகள் பதித்தால் பகல் விளக்கே வேண்டுவதில்லை. இது பழைய முறைதான்.

உணவுச் செலவில் நாம் கூற வேண்டுவது சிறிதே. சாமையும் கேழ்வரகும் விளைந்த நிலங்கள் பல மரவள்ளிக்கு மாறிவிட்டன. சாமை குத்துவது பெண்களுக்குப் பெரும் பாடாயிருந்ததும் அதற்கொரு காரணம். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலையில் சிறுதானிய அரவை இயந்திரங்கள் அமைய உதவிய பின் அப்பாடு குறைந்துள்ளது. வீட்டுத் தேவைக்கு மட்டுமாவது கால் ஏக்கர் சாமை விதைத்தல் இயலாததன்று. குளித்த நீர் ஓடும் வழியில் இரண்டு வாழையும் ஒரு அவரைப் பந்தலும் இருக்கட்டும்.

எஞ்சிய மளிகையைத் தனித்தனியே சில்லறையாக வாங்குவதால் நேரும் இழப்பை நெசவாளரே முதலில் உணர்ந்தனர். இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் நெசவாளர் முதலிய 28 தொழிலாளர் 1844 டிசம்பர் 21-ல் திறந்த கடையில் இருந்தவை மாவு, வெண்ணெய், சர்க்கரை போன்ற சில சரக்குகளே. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-ல் தோன்றிய பண்டகசாலையும் வீட்டுச் சாமான்களை முன்னிட்டு எழுந்ததே. வளப்பூர் நாட்டில் பத்துக் குடும்பங்கள் கூடி எண்ணெய், பருப்பு, சோப்பு இவற்றை மாதம் ஒருமுறை மொத்தமாக வரவழைத்தால் வண்டிக் கூலியும் பத்தில் ஒரு பங்காகும். கரவல்லியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவரும் சரக்கிற்கு அக்கூலி அற்பமன்று. இதற்குத் தனிச் சங்கம் வேண்டா. பொறுப்பான ஒருவரும், வரவு செலவு எழுத ஒரு நோட்டும், மாதக் கடைசியில் எல்லோர் முன்னிலையிலும் கணக்கைப் படிக்கும் வழக்கமும் போதும். மீட்டர் எண் குறித்த நோட்டின் மறுபக்கத்திலேயே இக்கணக்கைத் தொடங்கலாம்.