ராஜதானியில் சாப்பாட்டுக்கு முன்பணம் கட்டலாமா?

கோடை விடுமுறைக்குத் தில்லியிலிருந்து சென்னைக்கு ராஜதானியில் புறப்படும் நம்மவர்களுள் பலர், உணவு வேண்டாமென்று தெரிவிக்கலாம் என்பதையே அறிவதில்லை. டிக்கெட் எடுக்கும்போதே, பிரயாணி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சைவம், அசைவம், உணவு வேண்டாம் என்பவற்றுள் ஒன்றைக் குறிக்கலாம்.

2022 ஜூலையில் அறிவித்த விகிதப்படி, இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏ.ஸி. பெட்டிகளில் முன்பணம் கட்டியவருக்குக் காலைச் சிற்றுண்டி 105 ரூபாய். பகலுணவோ இரவுணவோ 185. வேண்டாமென்று குறித்துவிட்டு, வண்டியில் பசித்துக் கேட்டால் முறையே 155, 235. வேளைக்கு 50 ரூபாய் அபராதம் என்றே கொள்ளலாம். ஆகவே அரைமனத்துடன் வேண்டாமென்பது நஷ்டம்.

பிரயாணமோ ஏறக்குறைய 28 மணி நேரம். முதல் இரவுக்கு எண்ணெய் தடவிய மிளகாய்ப்பொடி இட்லி போதும். புளியோதரை மறுநாள் பகல்வரை தாங்கும். தயிர்சாதத்தை மட்டும் நம்பவேண்டாம். பால்விட்டுப் பிசைந்தும் எங்கள் வீட்டில் ஒருமுறை புளித்துப்போயிற்று.

பத்தியமுள்ள பெரியவர்களுக்குக் கட்டுச்சோறே சரி; அவர்களுக்காகக் கட்டும் பணம், தொடாத தட்டோடு வீணாகும். வளரும் பிள்ளைகளுக்குப் பணம் கட்டிவிடுவதே மேல். அவர்கள் பசி புளியோதரைக்கு அடங்காது. ஐந்து வயது நிரம்பாமல், டிக்கெட்டின்றி வரும் குழந்தைக்குத் தனித்தட்டு கிடையாது. அதற்கு வேண்டியதை நாமே எடுத்துச் செல்ல வேண்டும்.